கம்பைலரிலிருந்து பழைய முட்டுகளை எடுத்த அனுபவம்

எங்கள் கம்பைலரின் கோடில் ஒரு கமெண்ட் இருந்தது: "49 நாள். சீசன் முடியும் வரை இதைத் தொடாதே." எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, எந்த வருஷத்துச் சீசன் என்றும் இல்லை. அதற்குக் கீழே நூறு வரிக்கு மேல் கோடு. அதை எல்லாரும் தாண்டித்தான் போனோம், நானும்தான்.

ஓசூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்க எங்களுக்கென்று ஒரு சிறு மொழி உண்டு, அதில் எழுதியதை இயந்திரக் கட்டளையாக மாற்றித் தரும் கம்பைலரும் நாங்கள் எழுதியதுதான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சிப்காட் சுற்றுவட்டாரத்துப் பட்டறைக்காரர்கள். மற்றவர்களில் நிறையப் பேர் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைக்காரர்கள். எங்கள் கம்பைலர் உருவாக்கும் புரோகிராம் ஆலைக் கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த வால்வு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும், எந்த மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது.

2024 ஆகஸ்டில், மாம்பழ சீசன் முடிந்த கையோடு, கோடுக்குள் சேர்ந்து கிடந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்கான வொர்க்கரவுண்டுகளை, அதாவது அவற்றின் குறைகளைச் சமாளிக்க வைத்த மாற்று வழிகளை, எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆபீசில் அதை 'முட்டு' என்றுதான் சொல்வோம். காய் கனத்துத் தாழும் மாங்கிளைக்குக் கவைக்கம்பு வைத்து முட்டுக் கொடுக்கிறோமே, அதே முட்டு. வேலை முடிய 2025 பிப்ரவரி ஆகிவிட்டது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

"கம்பைலருக்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. மூலக்கோடைப் படிப்பது, வகை சரிபார்ப்பது, இயந்திரக் கட்டளையாக மாற்றுவது ஆகிய மூன்றுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். சம்பந்தம் ஓரங்களில் வருகிறது. கம்பைலர் பைல்களை எழுத வேண்டும், இயந்திரக் கட்டளைத் துண்டுகளை ஆக்கும் அசெம்ப்ளரையும், அவற்றை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்க்கரையும் தனித்தனிப் பிராசஸாக, அதாவது தனியாக ஓடும் புரோகிராமாக, ஓடவிட வேண்டும். அதோடு, உருவாகும் ஒவ்வொரு புரோகிராமுடனும் ஒரு ரன்டைம் லைப்ரரி போகிறது. கடிகாரம், திரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனி ஓட்டம்), பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் தடை), ரேண்டம் எண் எல்லாம் அதில்தான். எங்கள் முட்டுகளில் முக்கால்வாசி அந்த லைப்ரரிக்குள் இருந்தன.

அந்த 49 நாள் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோடில் செய்த மாற்றத்தின் பதிவான பழைய கமிட்டைத் தோண்டியதில், முன்பு எங்களிடம் வேலை செய்து இப்போது தர்மபுரியில் ஓய்வில் இருக்கும் ஒருவர் பெயர் கிடைத்தது. போன் செய்தேன்.

விண்டோஸில் கணினி ஆன் ஆகி எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்ல, கெட் டிக் கவுன்ட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. அது தருவது 32 பிட் எண். அந்த எண் நிறைய 49.7 நாள் ஆகும், அப்புறம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். ஆபீஸ் கணினியை யாரும் அத்தனை நாள் அணைக்காமல் விடுவதில்லை. ஆனால் மாங்கூழ் ஆலையில் மே மாதம் லைனை ஓட்ட ஆரம்பித்தால் ஜூலை வரைக்கும் கணினியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒரு வருஷம், ஐம்பதாம் நாள் விடியற்காலையில், பழம் கழுவும் தொட்டியின் தண்ணீர் வால்வு திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டதாம். மூட வேண்டிய நேரம் பெரிய எண்ணாக இருக்க, கடிகாரம் சின்ன எண்ணுக்குத் திரும்பிவிட்டது. இன்னும் நேரம் வரவில்லை என்று புரோகிராம் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

64 பிட்டில் எண்ணும் ஃபங்ஷன் எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவில்தான் வந்தது. எக்ஸ்பியில் அது கிடையாது. அதனால் அவர் ஒரு முட்டு வைத்தார். புரோகிராம் ஆரம்பிக்கும்போது புது ஃபங்ஷன் இருக்கிறதா என்று சிஸ்டத்தைக் கேட்கும். இருந்தால் அதைப் பயன்படுத்தும், இல்லையென்றால் பழையதையே வாங்கி, எண் எத்தனை முறை சுற்றியது என்று பூட்டுப் போட்டுத் தானே எண்ணிக்கொள்ளும். எக்ஸ்பி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் அத்தனை வரியும் ஒரே வரியாகிவிடும்.

"அது நான் போட்டதுதான் தம்பி. எக்ஸ்பி போயிடுச்சுன்னா எடுத்துடு," என்றார். "ஆனா போயிடுச்சான்னு பாத்துட்டு எடு."

நான் அதுவரை கோடைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கானதை 2020 ஜனவரி 14-லும் நிறுத்திவிட்டது. அது மைக்ரோசாஃப்டின் கணக்கு, எங்கள் ஆலைகளின் கணக்கு இல்லை. எனவே கோடை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் போட்டோம். இந்த வேலையில் உண்மையான முடிவு, குறைந்தபட்சம் எந்தப் பதிப்பிலிருந்து ஆதரிக்கப் போகிறோம் என்பது ஒன்றுதான். அதை எல்லாரும் உட்கார்ந்து பேசி எழுதிவைத்துவிட்டால், எந்த முட்டு போக வேண்டும் என்பதற்கு அப்புறம் விவாதமே வராது. அதை எழுதாமல் "இது பழசு மாதிரி இருக்கிறதே" என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால், யாருக்கும் தெரியாமல் ஒரு ஆலையைக் கைவிட்டிருப்போம்.

பெரிய கம்பைலர்காரர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்றும் பார்த்தோம். கோ மொழி எக்ஸ்பிக்கு 1.10 பதிப்போடும், விண்டோஸ் 7-க்கு 1.20 பதிப்போடும் விடை கொடுத்தது. இரண்டு முறையும் அந்தக் கடைசிப் பதிப்பின் குறிப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். ரஸ்ட் மொழி 2022 செப்டம்பரில் வந்த 1.64 பதிப்பில் லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 3.2, ஜி-லிப்சி (லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) 2.17 என்று குறைந்தபட்சத்தை உயர்த்தியது. 2024 மே மாதம் வந்த 1.78-இல் விண்டோஸ் 10 வேண்டும் என்றது. விண்டோஸ் 7-லேயே இருந்தாக வேண்டியவர்களுக்கு, அவ்வளவு உத்தரவாதம் இல்லாத தனி இலக்கு ஒன்றை விட்டுவைத்தது. அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. நாங்கள் விண்டோஸ் 10, லினக்ஸில் கெர்னல் 3.10, ஜி-லிப்சி 2.17 என்று முடிவு செய்தோம். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்பில் இருப்பவை அவைதான். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் அது இன்னும் ஓடுகிறது.

எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு விர்ச்சுவல் மெஷினில் எக்ஸ்பியைப் போட்டேன். கடிகார முட்டை எடுத்து, புது ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடும் புரோகிராமை அதில் ஓடவிட்டேன். விண்டோஸின் அடிப்படை லைப்ரரியான கெர்னல்32 டிஎல்எல்லில் இப்படி ஒரு நுழைவிடம் இல்லை என்று சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. அத்துடன் சரி. எங்கள் கோடில் ஒரு வரிகூட ஓடவில்லை. புரோகிராமின் முதல் வரிக்கு முன்னாலேயே விண்டோஸ் அது கேட்கும் ஃபங்ஷன்களை எல்லாம் தேடிப் பொருத்திவிட வேண்டும். ஒன்று கிடைக்காவிட்டாலும் ஆரம்பிக்கவே விடாது. "உங்கள் விண்டோஸ் பழையது, இன்ன பதிப்பைப் பயன்படுத்துங்கள்" என்று நாமே சொல்ல அங்கே வாய்ப்பில்லை. எனவே அந்தச் சோதனையை இன்ஸ்டாலரில் வைத்தோம், அதுவும் தமிழில். முட்டை எடுத்தவர் பழைய கணினியில் என்ன தெரியும் என்பதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு அந்தப் பெட்டியின் முன்னால் நிற்கப் போவது நாம் இல்லை.

சரி, எல்லா முட்டும் இப்படி நேரானவை இல்லை. நாளாக ஆக அவற்றை இரண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்று, பழைய சிஸ்டத்தில் இல்லாத வசதிக்கு மாற்றாக வைத்தது. கடிகாரம் அந்த வகை. பதிப்பு உயர்ந்தால் வசதி கட்டாயம் இருக்கும், எனவே நம்பி எடுக்கலாம். இன்னொன்று, வசதி இருந்தும் தப்பாக வேலை செய்ததற்காக வைத்தது. இதில் பதிப்பு எண்ணை நம்பவே கூடாது.

எங்களிடம் கன்சோலில் எழுதுவதைத் துண்டு துண்டாக உடைக்கும் ஒரு முட்டு இருந்தது. "பதிப்பு 6.2 அல்லது அதற்கும் கீழே இருந்தால்" என்ற நிபந்தனையோடு. 6.2 என்றால் விண்டோஸ் 8. இப்போது யாரிடம் விண்டோஸ் 8 இருக்கிறது, இது வருஷக்கணக்கில் தூங்கும் கோடு என்று நினைத்தேன். ஒரு லாக் வரி சேர்த்துப் பார்த்தால், என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 8.1-லிருந்து, புரோகிராம் தன் மேனிஃபெஸ்டில் (தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில்) புதிய விண்டோஸைக் குறிப்பிடாவிட்டால், பதிப்பைக் கேட்கும் பழைய ஃபங்ஷன் 6.2 என்றே பதில் சொல்லும். எங்கள் புரோகிராமில் மேனிஃபெஸ்ட் இல்லை. செத்த கோடு என்று நினைத்தது அத்தனை வாடிக்கையாளரிடமும் உயிரோடு இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த முட்டையும் எடுக்கும் முன் அதில் ஒரு லாக் வரி போட்டு, நிஜமாகவே யாரிடமும் ஓடவில்லையா என்று ஒரு வாரம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கோ மொழிக்கும் பதிப்பு எண்ணால் இப்படி ஒரு தொல்லை வந்தது. லினக்ஸ் கெர்னல் 5.2-இலும் அடுத்த சில பதிப்புகளிலும், புரோகிராமை இடைமறிக்கும் சிக்னல் வரும்போது, கணக்கு நடக்கும் பிராசஸரின் சில ரெஜிஸ்டர்களில் உள்ள மதிப்புகள் கெட்டுப்போகும் பிழை இருந்தது. 2020-இல் வந்த கோ 1.14, கெர்னல் எண்ணைப் பார்த்து, பிழையுள்ளதாகத் தெரிந்தால் கொஞ்சம் மெமரியைப் பூட்டிக்கொள்ளும் முட்டு வைத்தது. உபுண்டு அந்தப் பிழையைத் தன் கெர்னலில் சரிசெய்திருந்தது. எண்ணை மட்டும் 5.3.0 என்றே காட்டியது. மெமரியைப் பூட்டுவதற்கு வரம்பு குறைவாக இருந்த கண்டெய்னர்களில் பூட்டு விழாமல், பிழையே இல்லாத கெர்னலில் புரோகிராம் ஆரம்பத்திலேயே விழுந்தது.

இனி, இந்த ஆறு மாதத்தில் என்னை அதிகம் அலைக்கழித்த முட்டு.

லினக்ஸில் ஒரு பிராசஸ் இன்னொரு புரோகிராமை ஓட்ட, முதலில் ஃபோர்க் செய்து தன்னைப் போல ஒரு நகல் எடுக்கும். அப்புறம் அந்த நகல் எக்ஸெக் செய்து புதிய புரோகிராமாக மாறும். தாய் திறந்து வைத்திருந்த பைல்கள் எல்லாம் நகலுக்கும் போய்விடும். எக்ஸெக் ஆகும்போது தானாக மூடிக்கொள்ளட்டும் என்று, பைலைத் திறக்கும்போதே குளோஸ்-ஆன்-எக்ஸெக் என்ற அடையாளத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். இது கெர்னல் 2.6.23-இல் வந்தது. சென்ட்ஓஎஸ் 5-இன் கெர்னல் 2.6.18. அது இந்த அடையாளத்தைப் பார்த்துப் பிழை என்றும் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். எனவே அந்தக் காலத்தில், பைலைத் திறந்தபின் கெர்னலை இரண்டாவது முறை கூப்பிட்டு அடையாளத்தைப் போட வேண்டும். திறப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் வேறொரு திரெட் ஃபோர்க் செய்துவிட்டால் பைல் கசிந்துவிடும். அதற்காக எங்களவர் ஒரு பெரிய பூட்டு வைத்திருந்தார். பைலைத் திறப்பதிலிருந்து எழுதி மூடுவது வரை ஒருவரும் ஃபோர்க் செய்ய முடியாது. பிள்ளைப் பிராசஸ் எக்ஸெக் ஆகும்வரை ஒருவரும் பைல் திறக்க முடியாது. கமெண்ட் ஒரே வரி: "2.6.18, குளோஸ்-ஆன்-எக்ஸெக் வேலை செய்யாது."

சென்ட்ஓஎஸ் 5 2017 மார்ச்சோடு முடிந்துவிட்டது. எங்கள் குறைந்தபட்சமோ 3.10. இல்லாத வசதிக்கு வைத்த முட்டு, முதல் வகை. எடுத்தேன். எல்லாத் திரெட்டும் ஒரே பூட்டுக்கு வரிசையில் நின்றது ஒழிந்தது. பில்ட் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து, இரவு ஓடும் டெஸ்டில் ஒன்று "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்று விழுந்தது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிட்டது. அடுத்த வாரமும் ஒன்று. அதையும் மறுபடி ஓட்டினோம். நான்காவது முறை, இனி ரீரன் பட்டனைத் தொடக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

இங்கே டெக்ஸ்ட் என்பது எழுத்து இல்லை, ஓடும் புரோகிராமின் கட்டளைப் பகுதிக்கு யுனிக்ஸ் வைத்த பழைய பெயர். எழுதுவதற்காக யாராவது திறந்து வைத்திருக்கும் பைலை ஓட்டச் சொன்னால் கெர்னல் மறுக்கும், இந்தச் செய்தி அப்போது வருவது. எங்கள் டெஸ்டுகள் ஒவ்வொன்றும் ஒரு புரோகிராமை எழுதி, மூடி, உடனே ஓட்டுகின்றன. மூடிவிட்டோம், அப்புறம் யார் திறந்து வைத்திருப்பது?

விடை அந்த நகலில் இருந்தது. முதல் திரெட் புரோகிராம் பைலை எழுதிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது திரெட் அசெம்ப்ளரை ஓட்ட ஃபோர்க் செய்கிறது. நகலுக்கும் அந்தப் பைல் போகிறது. குளோஸ்-ஆன்-எக்ஸெக் அடையாளம் இருக்கிறது, எக்ஸெக் ஆனதும் மூடும். ஆனால் எக்ஸெக் ஆகும்வரை மூடாது. அந்தச் சின்ன இடைவெளியில் முதல் திரெட் தன் பக்கம் மூடிவிட்டு ஓட்டப் போனால், நகலின் கையில் பைல் இன்னும் திறந்தே இருக்கிறது. கெர்னல் எத்தனை புதிதாக இருந்தாலும் இதுதான் நிலை. 2.6.18-க்காக வைத்த பூட்டு, அது யார் நினைத்தும் வைத்தது இல்லை என்றாலும், இத்தனை வருஷமும் இதையும் தாங்கிக்கொண்டிருந்தது.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு மாங்கிளைக்கு வைத்த கவைக்கம்பை அறுவடைக்கு அப்புறமும் அப்பா எடுக்காமல் விட்டிருந்தார். அடுத்த முறை போய்ப் பார்த்தபோது அதில் அவரைக்கொடி ஏறிப் பூ விட்டிருந்தது. கிளைக்கு இனி அந்தக் கம்பு வேண்டாம், கொடிக்கு வேண்டும். கமெண்டில் கிளையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தது. நான் கொடியைப் பார்க்கவில்லை.

கண்டுபிடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இது வேறு இடங்களிலும் உதவும். எப்போதாவது வரும் பிழையைத் துரத்திப் பிடிக்க முடியாது, எப்போதும் வரும்படி செய்ய வேண்டும். ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவில் 50 மில்லி விநாடி தூங்க வைத்தேன். மாதத்துக்கு நான்கு முறை வந்தது, ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்தது. அதை வைத்துக்கொண்டு கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடியதில், ஒரு மணி நேரத்துக்குள் பூட்டை எடுத்த கமிட்டில் வந்து நின்றது. ஒரு முட்டுக்கு ஒரு கமிட் என்று பிடிவாதமாக வைத்திருந்ததன் பலன் அது. எடுக்கும்போதே பக்கத்துக் கோடையும் ஒழுங்குபடுத்தியிருந்தால் எந்த மாற்றம் காரணம் என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். பூட்டைத் திரும்ப வைத்தோம், ஆனால் எல்லாப் பைலுக்கும் இல்லை. ஓட்டப் போகும் புரோகிராம் பைலை எழுதும்போது மட்டும். வேகத்தில் பெரும்பகுதி கையில் தங்கியது.

அதற்கான கமெண்டை எழுத உட்கார்ந்தபோது தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள்தான் நினைவுக்கு வந்தன. எங்கள் இரண்டு மாவட்டத்திலும் வயல் வரப்பு, ஏரிக்கரை என்று எங்கும் நடுகல் உண்டு. எழுத்துள்ள கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய மகன், தொறு மீட்டுப் பட்டான் (மாட்டு மந்தையை மீட்டு இறந்தான்) என்று சில வரிதான் இருக்கும். எத்தனையோ நூற்றாண்டு கழித்து நிற்கும் ஒருவருக்கு அது போதும், அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. "49 நாள்" என்ற எங்கள் கமெண்டால் பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இப்போது எங்களிடம் ஒவ்வொரு முட்டுக்கும் நான்கு விஷயம் கட்டாயம்: எந்த சிஸ்டத்தின் எந்தப் பதிப்பு, என்ன தப்பாகிறது, அதை எப்படி வரவழைத்துப் பார்ப்பது, எது நடந்தால் எடுக்கலாம். கடைசியை எழுத முடியவில்லை என்றால், அது முட்டு இல்லை, வீட்டின் தூண். அப்படியே எழுதிவிட வேண்டியதுதான்.

அப்படித் தூண் என்று தெரிந்து விட்டுவைத்தவை இரண்டு. விண்டோஸில் ஒரு பிராசஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரி 32,767 எழுத்தைத் தாண்ட முடியாது, எனவே லிங்க்கருக்கான நீண்ட பட்டியலைப் பைலில் எழுதித் தருகிறோம். இன்னொன்று, புதிதாக எழுதிய புரோகிராம் பைலுக்குப் பெயர் மாற்றும்போது ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்வது. இரண்டும் எக்ஸ்பி காலத்தில் எழுதியவை, ஆனால் எக்ஸ்பியோடு போகிறவை இல்லை.

எக்ஸ்பி இருந்த ஆலை ஒன்றே ஒன்று. செப்டம்பரில் அங்கே நேரில் போனேன். கணினிக்குள் ஒரு பழைய கார்டு இருந்தது, அதற்கு எக்ஸ்பிக்கு மட்டும்தான் டிரைவர். அதை மாற்றினால் பேனலையே மாற்ற வேண்டும். அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். "அப்ப எங்களுக்கு இனிமே வராதா தம்பி?" என்று கேட்டார். எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பைத் தனிக் கிளையாக வைத்திருக்கிறோம், பிழை வந்தால் அதில் திருத்தித் தருவோம், புது வசதி மட்டும் வராது என்று சொன்னேன். மார்ச்சில், சீசனுக்கு முன்னால், அந்தப் பதிப்பை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பேனல் கதவின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். டேப்பின் மேல் மார்க்கரில் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தார்: "கார்டு மாத்துற வரைக்கும் இதுதான்."